எவர்நோட்டில் இனி 50 குறிப்புதானாம், என்ன செய்வது?

கேள்வி, 5 டிசம்பர் 2023

குறிப்பெழுதும் செயலியான எவர்நோட்டைத் திறந்தால் புதிதாக எதுவும் எழுத விடமாட்டேன் என்கிறது. இலவசக் கணக்கில் இனி 50 குறிப்பு, ஒரே ஒரு நோட்டுப் புத்தகம்தானாம். என்னிடம் 1,900 சொச்சம் இருக்கிறது, பத்து வருஷச் சேகரிப்பு. அத்தனையும் போய்விடுமா? பணம் கட்டச் சொல்கிறீர்களா, காலி செய்யச் சொல்கிறீர்களா?

5 டிசம்பர் 2023, இரவு

போகாது. முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள்.

50க்கு மேல் இருப்பதை அவர்கள் அழிக்கவில்லை. திறக்கலாம், திருத்தலாம், பகிரலாம், வெளியே எடுக்கலாம். புதிதாக எழுதத்தான் வழியில்லை. கோபத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள், கணக்கை மூடும் பொத்தான் பக்கமே போகாதீர்கள். கணினியில் செயலியைப் போட்டு, ஒவ்வொரு நோட்டுப் புத்தகமாக ஏற்றுமதி செய்து வையுங்கள். கைபேசியில் அது நடக்காது. மற்றதை அப்புறம் பேசலாம்.

6 டிசம்பர் 2023

பணம் கட்டுவதைப் பற்றி. இந்த 2023இல் தனிநபர் திட்டம் ஆண்டுக்கு 129.99 டாலர். அப்படியே பெருக்கினால் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் வருகிறது. இந்தியக் கணக்குக்கு என்ன காட்டுகிறது என்று உங்கள் திரையில் பார்த்துக்கொள்ளுங்கள். 2016இல் இதே செயலியின் உயர்ந்த திட்டம் 69.99 டாலர், அதற்கும் முன்னால் 49.99. தினமும் நான்கு மணி நேரம் அதில் வேலை செய்பவர் கட்டலாம், தப்பில்லை. மாதத்துக்கு இரண்டு முறை எரிவாயு எண்ணைத் தேடுபவருக்கு இது கட்டுப்படியாகாது.

எனக்கு உறுத்துவது தொகை இல்லை. நவம்பர் கடைசியில் சிலருக்கு மட்டும் திரையில் ஒரு பெட்டி முளைத்தது: 50 குறிப்புதான், மேலே வேண்டுமென்றால் காசு. அவர்கள் படமெடுத்து ஊரெல்லாம் போட்டார்கள். இது சின்னச் சோதனைதான், இலவசப் பயனர்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்குத்தான் என்றது நிறுவனம். சில நாளிலேயே முறையான அறிவிப்பு வந்தது, டிசம்பர் 4 முதல் எல்லோருக்கும் என்று. அறிவிப்புக்கும் அமலுக்கும் நடுவில் ஒரு வாரம்கூட இல்லை. அதிலும் ஒரு வரி: இலவசப் பயனர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே 50க்குள்தான் இருக்கிறார்களாம்! அதாவது உங்களையும் என்னையும் போல ஆயிரக்கணக்கில் எழுதி வைத்தவர்கள் சிறுபான்மை, எனவே பெரிய விஷயமில்லை. அந்தச் சிறுபான்மைதானே ஐயா பத்து வருஷமாக உங்களுக்குச் சம்பளமில்லாத விற்பனையாளராகச் சுற்றியது.

காலி செய்யச் சொல்லும் வீட்டுக்காரர்கூட ஆடி கழியட்டும் என்பார்.

6 டிசம்பர் 2023, கொஞ்சம் கழித்து

யானை எதையும் மறக்காது என்பதால்தான் அதை எவர்நோட்டின் சின்னமாக வைத்தார்கள். இப்போது அது 50 வரைதான் எண்ணும்.

சரி, படுக்கப் போகிறேன்.

9 டிசம்பர் 2023

'ஒரு செயலிக்கு ஏன் இவ்வளவு ஒப்பாரி' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. 2010க்குப் பிறகு கைபேசி வாங்கியவர்களுக்கு இது புரிவது கஷ்டம்.

நான் சேர்ந்தது 2010இல். ஒருமுறை ஒரு வணிகரின் முகவரி அட்டையைக் கைபேசியில் படம் பிடித்துப் போட்டேன். பெயர்கூடத் தட்டவில்லை. எட்டு மாதம் கழித்து அவர் கடைப் பெயரில் நினைவிருந்த பாதியை ஆங்கிலத்தில் தேடினேன். அட்டையின் படம் வந்தது, அந்தச் சொல்லின் மேல் மஞ்சள் பூசியபடி. படத்துக்குள் இருக்கும் எழுத்தை ஒரு இயந்திரம் படிக்கிறது என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா மட்டும் "அட்டையையே பத்திரமா வச்சிருந்தா தேட வேண்டியதில்லையே" என்றார்.

அந்தப் படிக்கும் வித்தை தற்செயல் இல்லை. நிறுவனத்தைத் தொடங்கிய ஸ்டெபான் பச்சிகோவ் ஏற்கெனவே கையெழுத்தைக் கணினிக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர். ஆப்பிளின் பழைய கையடக்கக் கணினியான நியூட்டனில் அவர்களுடைய தொழில்நுட்பம்தான் இருந்தது. 2007இல் ஃபில் லிபின் தலைமைக்கு வந்தார், 2008 ஜூனில் செயலி பொதுமக்களுக்குத் திறந்தது.

அதே 2008இல் நடந்தது லிபினே மேடைகளில் சொன்ன கதை. நிதி நெருக்கடி. வருவதாக இருந்த முதலீடு கடைசி நேரத்தில் கைவிட்டுப் போனது. கையில் மூன்று வாரக் காசு. விடியற்காலை மூன்று மணிக்கு, நாளை எல்லோரையும் அனுப்பிவிட்டு மூடிவிடலாம் என்று முடிவுசெய்து படுக்கப் போகிறார். அப்போது ஸ்வீடனிலிருந்து ஒரு மின்னஞ்சல். உங்கள் செயலியில் எனக்குக் கொள்ளைப் பிரியம், உங்களுக்கு முதலீடு ஏதும் தேவைப்படுகிறதா என்று ஒரு பயனர் கேட்கிறார். இரண்டு வாரத்தில் ஐந்து லட்சம் டாலர் வந்து சேர்ந்தது, கடை பிழைத்தது.

ஒரு வாடிக்கையாளரின் மின்னஞ்சலை அந்த அகால நேரத்தில் முதலாளி தானே படித்ததால் உயிரோடு இருந்த நிறுவனம் அது. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் மற்றதையெல்லாம் எழுதுகிறேன்.

12 டிசம்பர் 2023

சறுக்கல் எப்போது தொடங்கியது? பெண்டிங் ஸ்பூன்ஸ் வாங்கியதிலிருந்து என்று புதிதாக வந்தவர்கள் நினைக்கிறார்கள். வாங்கியவர்கள் பாவம், கடைசியில் வந்தவர்கள். மிலான் நகரத்து நிறுவனம். 2022 நவம்பரில் அறிவித்து 2023 ஜனவரியில் வாங்கி முடித்தார்கள். பெயரை மொழிபெயர்த்தால் கரண்டி வளைத்தல் என்று வரும்.

எனக்குத் தெரிந்து முதல் விரிசல் 2013, 2014இல். செயலி உச்சத்தில் இருந்த காலம். 2012இலேயே நூறு கோடி டாலர் மதிப்பு, 2014 மே மாதத்தில் பத்துக் கோடிப் பயனர்கள். அந்த உச்சத்தில்தான் காலுறை விற்றார்கள். நிஜமாகத்தான். 2013 செப்டம்பரில் ஒரு கடை திறந்தார்கள்: முதுகுப்பை, ஸ்கேனர், மோல்ஸ்கின் நோட்டு, காலுறை. சாப்பாட்டைப் படமெடுத்து வைக்க ஒரு தனிச் செயலி, சந்தித்த ஆட்களை நினைவு வைத்துக்கொள்ள இன்னொன்று. நடுவில் குறிப்பெழுதும் செயலி மெல்ல மெல்லக் கனத்துக்கொண்டே போனது.

2014 ஜனவரியில் ஜேசன் கின்கெய்ட் என்ற தொழில்நுட்ப எழுத்தாளர் பிழைகள் மலிந்த யானை என்ற பொருளில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். தான் பதிவுசெய்த ஒலிக்குறிப்புக்கு நேர்ந்த கதியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பிட்டு வைத்தார். எனக்கு முக்கியமாகப் பட்டது அதற்குப் பிறகு நடந்தது. லிபின் உடனே பதில் எழுதினார். படிக்கச் சங்கடமாக இருக்கிறது, ஆனால் சொல்வது உண்மை, இந்த ஆண்டு தரத்தைச் சரிசெய்வதுதான் வேலை என்று. மழுப்பவில்லை.

அதைப் படித்துவிட்டுத்தான் நான் அடுத்த ஆண்டுச் சந்தா கட்டினேன். பிழைகள் அதே மாதத்திலா சரியாகிவிட்டன? இல்லை. ஆனாலும் கட்டினேன். என் வாதமே இதுதான்: விலை ஏற்றியதற்கோ பிழை இருந்ததற்கோ யாரும் போகவில்லை, வாயைத் திறந்து சொல்லாதபோதுதான் போனார்கள்.

13 டிசம்பர் 2023

2013 மார்ச்சை விட்டுவிட்டீர்களே என்கிறார் ஒருவர். ஆமாம், எவர்நோட்டின் கணினிகளுக்குள் நடந்த ஊடுருவல். அப்போதிருந்த ஐந்து கோடிப் பேருக்கும் கடவுச்சொல்லை மாற்றச் சொன்னார்கள். தெரிந்ததும் சொன்னார்கள், ஒருவர் விடாமல் எல்லோரையும் மாற்றச் சொன்னார்கள். அதை நான் வரவுப் பக்கத்தில்தான் எழுதுவேன்.

17 டிசம்பர் 2023

2016. இதைப் பொறுமையாக எழுத வேண்டும், ஏனென்றால் நான் வெளியேறியது அந்த ஆண்டில்தான்.

அதற்கு முந்தைய ஆண்டு லிபின் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். கூகுள் கிளாஸ் என்ற கணினிக் கண்ணாடிப் பக்கம் வேலை பார்த்த கிறிஸ் ஓநீல் வந்தார். வந்த சில வாரத்தில் 47 பேரை வேலையிலிருந்து அனுப்பினார், தைவான், சிங்கப்பூர், மாஸ்கோ அலுவலகங்களை மூடினார். 2016 பிப்ரவரியில் காலுறைக் கடையும் மூடியது. இதெல்லாம் தேவையான வைத்தியம் என்றுதான் அப்போது நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

ஜூன் கடைசியில் விலை ஏறியது. இலவசக் கணக்கு இனி இரண்டே கருவியில்தான். வீட்டுக் கணினி, கைபேசி, அலுவலகக் கணினி என்று மூன்றில் வைத்திருந்தவர்கள் ஒன்றைக் கழற்ற வேண்டும். முணுமுணுப்பு எழுந்தது. அதுவும் பொறுத்துக்கொள்ளக் கூடியதுதான்.

டிசம்பரில் வந்ததுதான் அடி. தனியுரிமைக் கொள்கையை மாற்றுகிறோம், 2017 ஜனவரி 23 முதல் அமல் என்றார்கள். மென்பொருள் தானே கற்றுக்கொள்ளும் இயந்திரக் கற்றல் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, எங்கள் ஊழியர்களில் சிலர் உங்கள் குறிப்புகளைப் படிக்க வேண்டியிருக்கலாம். இயந்திரக் கற்றலை வேண்டாம் என்று அணைத்து வைத்தாலும், வேறு காரணங்களுக்காக ஊழியர் பார்ப்பதை முழுக்கத் தடுக்க வழியில்லை.

என் கணக்கில் அப்போது அப்பாவின் மருத்துவ அறிக்கைகள் இருந்தன. 2012 முதல் மூன்று மாதத்துக்கு ஒன்றாக சர்க்கரை அளவு, கிரியேட்டினின், கண் பரிசோதனைத் தாள். ஒவ்வொன்றின் கீழும் அம்மா சொன்னதை நான் தட்டிய ஒரு வரி. "தீபாவளிக்கு ரெண்டு அதிரசம் சாப்பிட்டார், அதான்" என்கிற மாதிரி. கலிபோர்னியாவில் யாரோ ஒருவர் அந்த அதிரசத்தைப் படிப்பார் என்று நினைத்ததும் எனக்கு உடம்பு கூசியது. உண்மையில் யாரும் படித்திருக்கமாட்டார்கள். அது தமிழ் வேறு. படித்தாலும் ஒன்றும் விளங்கியிருக்காது. ஆனால் கூச்சம் கூச்சம்தான்.

கூச்சல் கிளம்பிய சில நாளிலேயே பின்வாங்கினார்கள். ஓநீல் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். விரும்பிச் சம்மதம் கொடுத்தவர்களுடையதை மட்டும்தான் பார்ப்போம் என்று மாற்றினார்கள். அந்த மாற்றத்தில் குறை சொல்ல ஏதுமில்லை, நான்தான் அதற்குள் மூட்டையைக் கட்டிவிட்டேன்.

18 டிசம்பர் 2023

"ஓசியில் பயன்படுத்திவிட்டு உரிமை என்ன வேண்டிக்கிடக்கிறது?"

ஓசி இல்லை, நான் மூன்று ஆண்டு கட்டியவன். இருந்தாலும் கேள்விக்கு மரியாதை கொடுக்கிறேன். இலவசமாகக் கொடுத்ததை நிறுத்த அவர்களுக்கு முழு உரிமை உண்டு. சேமிப்புச் செலவு அவர்களுடையது. நான் கேட்பது ஒரு மாத அவகாசமும், பெட்டியில் எப்படி எடுத்துக்கொண்டு போவது என்று ஒரு தெளிவான பக்கமும். அன்னதானத்திலேயே நாளை முதல் பந்தி இல்லை என்றால் இன்றே பலகை வைத்துவிடுவார்கள்.

26 டிசம்பர் 2023

கேள்வி கேட்டவர் ஏற்றுமதி செய்து பார்த்தாராம், எல்லாம் ஒரே குவியலாக வந்துவிட்டது என்கிறார். அவர் செய்தது நான் 2016இல் செய்த அதே தவறு. முன்பே எச்சரித்திருக்க வேண்டும்.

எவர்நோட் தருவது எனெக்ஸ் என்ற கோப்பு. அதற்குள் குறிப்பின் தலைப்பு, நாள், குறிச்சொல், இணைத்த படம் எல்லாம் இருக்கும். எந்த நோட்டுப் புத்தகத்தில் இருந்தது என்பது மட்டும் இருக்காது. எல்லாக் குறிப்பையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே கோப்பாக எடுத்தால் சமையலும் வீட்டு வரியும் ஒன்றாகக் கொட்டிக்கிடக்கும். ஒவ்வொரு புத்தகத்தையும் தனித்தனியே எடுத்து, கோப்புக்கு அந்தப் புத்தகத்தின் பெயரை வைக்க வேண்டும். நான் மொத்தமாக எடுத்தேன், திருப்தியாக உட்கார்ந்தேன், அப்புறம் ஒரு மாதம் பிரித்து அடுக்கினேன்.

இன்னொன்று. ஒரு குறிப்பிலிருந்து இன்னொரு குறிப்புக்குத் தொடுப்பு வைத்திருந்தால் அது வெளியே வேலை செய்யாது. தொடுப்பு அப்படியேதான் இருக்கும், ஆனால் அது கூப்பிடுவது பழைய வீட்டு முகவரியை. நான் பொருளடக்கம் போல ஒரு குறிப்பு வைத்து அதில் 60 தொடுப்பு போட்டிருந்தேன். புது இடத்தில் 60ஐயும் கையால் மாற்றினேன்.

ஒரு எனெக்ஸ் கோப்பைச் சும்மா நோட்பேடில் திறந்து பாருங்கள், பயப்பட ஒன்றுமில்லை. மேலே தலைப்பு, அதன் கீழே 20120814 என்று தொடங்கும் நாள், நேரம். அடுத்து நீங்கள் எழுதியது, சின்னச் சின்ன அடைப்புக்குறிகளுக்கு நடுவே. அதன் கீழே படம் இருந்தால் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு பாறை, பக்கம் பக்கமாக, இடைவெளியே இல்லாமல். அப்பாவின் எக்ஸ்ரே அப்படித்தான் இருந்தது. நான் உருட்டிக்கொண்டே போனேன், கீழே வந்ததும் அடுத்த குறிப்பின் தலைப்பு: "ரவா லட்டு, பெரியம்மா முறை".

2011இல் லிபின் மூன்று விதிகள் என்று எழுதி வைத்தார். உங்கள் தரவு உங்களுடையது, அது பாதுகாக்கப்படும், அதை எடுத்துக்கொண்டு நீங்கள் போகலாம். அந்த மூன்றாவதை இன்றுவரை யாரும் கழற்றவில்லை என்பதற்காக நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஏன் என்பதை அடுத்து எழுதுகிறேன். ஜாப்ளின் என்ற குறிப்புச் செயலி இந்தக் கோப்பை நேராக விழுங்கும். ஆப்சிடியன் என்ற இன்னொரு செயலிக்கு அவர்களே ஒரு இறக்குமதிச் செருகி தருகிறார்கள். ஆப்பிள் நோட்ஸும் வாங்கிக்கொள்ளும்.

3 ஜனவரி 2024

2016 டிசம்பரில் மூட்டையோடு எங்கே போனேன் என்று கேட்டீர்கள். இன்னொரு குறிப்புச் செயலிக்கு. பெயர் சொல்லமாட்டேன், சின்ன நிறுவனம், செத்த பாம்பை அடிக்க வேண்டாம். பார்க்க அழகு, வேகம், விலையும் குறைவு. "நாங்கள் உங்கள் குறிப்பைப் படிக்கமாட்டோம்" என்று முகப்பிலேயே எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் விழுந்தேன்.

2019இல் ஒரு நாள் கைபேசியில் எழுதியது கணினிக்கு வரவில்லை. மறுநாள் கணினியில் எழுதியது கைபேசிக்குப் போகவில்லை. எழுதிக் கேட்டேன். உடனே பதில்: உங்கள் கோரிக்கை எங்களுக்கு முக்கியம், இதோ எண். நான்கு நாள். மறுபடி எழுதினேன். இன்னொரு எண். மூன்றாவது மடலுக்குப் பதிலாக ஒரு கருத்துக்கணிப்பு வந்தது: எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தியா, ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை? ஆறாவது மடலை அனுப்பியபோது முதல் எண்ணைச் சொல்லி, தீர்க்கப்பட்டதால் மூடப்பட்டது என்றது. யார் தீர்த்தார்கள்? பிறகு ஒரு வாரத்தில் அவர்கள் தளமே திறக்கவில்லை. ஏற்றுமதி என்று அங்கே இருந்தது பக்கத்தைப் பிடிஎஃப் ஆக்கும் பொத்தான் ஒன்றுதான், அதுவும் ஒவ்வொன்றாக. மூன்று வருஷத்தில் எழுதியதில் கைபேசிக்குள் மாட்டிக்கொண்டிருந்த 300 சொச்சம் மட்டும் மிஞ்சியது.

அப்பாவின் பழைய அறிக்கைகள் தப்பின. அந்த எனெக்ஸ் குவியலை நான் அழிக்காமல் பென்டிரைவில் வைத்திருந்தேன்.

அதனால் 'ஓடு' என்று நான் யாருக்கும் சட்டென்று சொல்வதில்லை.

21 ஜனவரி 2024

12 டிசம்பரில் நான் அடித்துச் சொன்ன வாதத்தில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். வாயைத் திறந்து சொல்லாதபோதுதான் போனார்கள் என்றேன். ஒருவர் 'அப்படியென்றால் இயன் ஸ்மால் காலத்தை என்ன சொல்வீர்கள்' என்று கேட்டு மடக்கிவிட்டார்.

உண்மைதான். 2018 செப்டம்பரில் 54 பேரை அனுப்பினார்கள், அடுத்த மாதம் தலைமையும் கைமாறியது. வந்தவர் இயன் ஸ்மால். அவர் போலப் பேசிய தலைவர் குறைவு. உள்ளே என்ன நடக்கிறது என்று காணொளிகளாகப் போட்டார். குறிப்பை எழுதித் திருத்தும் பகுதிகூட இயங்குதளத்துக்கு ஒன்றாக, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் கிடக்கிறது, எல்லாவற்றையும் அடியிலிருந்து திரும்பக் கட்டுகிறோம் என்று முகத்தைக் காட்டிச் சொன்னார். பத்து வருஷத்தில் யாரும் அவ்வளவு விளக்கவில்லை.

2020 இலையுதிர் காலத்தில் பத்தாம் பதிப்பு வந்தது. கணினிப் பதிப்பு எலக்ட்ரான் மேல் கட்டியது, அதாவது இணையப் பக்கத்தைச் செயலிபோல் ஓட்டும் ஒரு சட்டகம். எல்லாக் கருவியிலும் ஒரே முகம், ஆனால் கனம். கணினியிலேயே மட்டும் இருக்கும் உள்ளூர் நோட்டுப் புத்தகம் போனது. விண்டோஸில் ஒரு கோப்புறையைக் காட்டிவிட்டால் அதில் விழுவதையெல்லாம் தானே இழுத்துக்கொள்ளும் வசதி வரவில்லை. ஏற்றுமதி அப்போது ஒரே நேரத்தில் 50 குறிப்பு என்று சுருங்கியது. (50 என்ற எண்ணின் மேல் இவர்களுக்கு என்ன மோகமோ.) பழையதே வேண்டும் என்பவர்களுக்குப் பழைய பதிப்பையும் விட்டுவைத்தார்கள், ஆயிரக்கணக்கானோர் அதிலேயே தங்கினார்கள்.

ஆக, அழகாகப் பேசியும் ஆட்கள் கோபித்தார்கள். இதற்கு என் விளக்கம், நேற்று மாடியில் துணி காயப்போடும்போது தோன்றியது: காணொளியில் சொன்னதெல்லாம் வரப்போவதைப் பற்றி. போகப்போவதைப் பற்றிய பட்டியலைப் பயனர்களே தடுமாறி விழுந்து விழுந்து கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. லிபின் ஒருமுறை சொன்னது இங்கே பொருந்தும். ஒவ்வொருவரும் எங்கள் செயலியில் ஐந்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறேன் என்கிறார்கள், சிக்கல் என்னவென்றால் ஒவ்வொருவருடைய ஐந்தும் வேறு வேறு. அப்படியானால் எதைக் கழற்றினாலும் யாரோ ஒருவருடைய மொத்தச் செயலியையே கழற்றுகிறீர்கள்.

11 பிப்ரவரி 2024

இதை எழுதலாமா என்று சில நாள் யோசித்தேன்.

நான் என்ன தொழில் செய்கிறேன் என்று இங்கே சொன்னதில்லை. ஈரோட்டில் ஜவுளிக் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதி விற்கிறேன். நாற்பது சொச்சம் கடை. நானும் ஒரு பையனும்தான் அலுவலகம்.

போன வாரம் ஒரு ஞாயிறு இரவு புதுப் பதிப்பை எல்லாக் கடைக்கும் தள்ளினேன். நல்ல பதிப்பு. திரை சுத்தமாக இருந்தது, இரண்டு பழைய பிழையும் தீர்ந்தது. தள்ளும்போது பில்லைச் சேமிக்கும் விசையை எஃப் எட்டிலிருந்து எஃப் பத்துக்கு மாற்றியிருந்தேன். எஃப் எட்டு இப்போது பில்லை ரத்து செய்யும். ஏன் மாற்றினேன்? மற்ற திரைகளில் ரத்துக்கு எஃப் எட்டுதான், எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று. யாருக்கும் சொல்லவில்லை. சின்ன விஷயம்தானே, கீழே பட்டியில் எழுதியிருக்கிறதே என்று நினைத்தேன்.

திங்கள் சாயங்காலம். ஈரோட்டில் திங்கள் ராத்திரியிலிருந்து செவ்வாய் வரை ஜவுளிச் சந்தை. வெளி மாநில வியாபாரிகள் மூட்டையோடு நிற்கிறார்கள். முதல் அழைப்பு ஏழு மணிக்கு.

"தம்பி, எஃப் எட்டு அமுக்குனா பில்லே காணோமுங்க."

அண்ணா, எஃப் பத்து அமுக்குங்க என்றேன்.

"பதினாறு வருஷமா எஃப் எட்டுத்தான. என்ற வெரலுக்கு எப்படித் தம்பி தெரியும்?"

அன்று இரவு பதினோரு மணிக்குள் பத்தொன்பது அழைப்பு. ஒரு கடையில் 84 உருப்படி போட்ட பில்லை இரண்டு தடவை ரத்து செய்திருக்கிறார்கள். கடைக்கார அண்ணன் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "மாத்தோணும்னா மாத்திக்கோங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லங்க?" என்று மட்டும் கேட்டார்.

நான் டிசம்பரிலிருந்து இங்கே உட்கார்ந்துகொண்டு மிலானுக்கும் கலிபோர்னியாவுக்கும் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஏன் சொல்லவில்லை என்று நேர்மையாக யோசித்தால், மறந்ததனால் இல்லை. சொன்னால் நாற்பது பேரும் ஏன் என்று கேட்பார்கள், வேண்டாம் என்பார்கள், நான் நாற்பது முறை வாதாட வேண்டும். சொல்லாமல் செய்துவிட்டால் நான்கு நாளில் பழகிவிடுவார்கள் என்று ஒரு கணக்கு போட்டேன். பெரிய அலுவலகங்களில் கோட்டு போட்டுக்கொண்டு போடுவதும் இதே கணக்காகத்தான் இருக்கும்.

செவ்வாய் விடிகாலை நான்கு மணிக்கு எஃப் எட்டைத் திரும்ப வைத்தேன்.

14 பிப்ரவரி 2024

ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. 'மன்னிப்புக் கேட்டீர்களா' என்று கேட்டவருக்கு: கேட்டேன், ஒவ்வொரு கடைக்கும் போன் போட்டு. ஒருவர் மட்டும் எஃப் பத்துதான் வசதியாக இருந்தது, ஏன் மாற்றினாய் என்கிறார்.

ஒரு சின்னத் திருத்தமும். 2010இல் சேர்ந்தேன் என்று மேலே எழுதினேன். பழைய எனெக்ஸைத் துழாவியதில் முதல் குறிப்பின் நாள் 2011 ஜனவரி. அதில் இருப்பது ஒரே வரி: "இது வேலை செய்கிறதா?"

28 மார்ச் 2024

பழைய பதிப்பின் கதவையும் இந்த மாதக் கடைசியோடு சாத்திவிட்டார்கள். அதிலேயே தங்கியிருந்தவர்கள் இனி பத்தாம் பதிப்புக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் வெளியே. இந்த முறை முன்கூட்டியே அறிவித்தார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

புது முதலாளிகளைப் பற்றி நான் எழுதியதில் நியாயம் குறைவு என்று ஒருவர் குறைப்பட்டார். சரி. ஒத்திசைவு வேகமாகியிருக்கிறது, இரண்டு பேர் ஒரே குறிப்பில் ஒரே நேரத்தில் எழுத முடிகிறது. வேலை நடக்கிறது. அதே கையோடு 2023 பிப்ரவரியில் 129 பேரை அனுப்பினார்கள், ஜூலையில் அமெரிக்காவிலும் சிலியிலும் இருந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரையும். பத்து வருஷமாகப் பயனர்களின் கேள்விக்குப் பதில் சொன்ன ஆட்களும் அந்தக் கூட்டத்தில் போயிருப்பார்கள். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். வாங்கியவர்களுக்கு அந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். தந்தத்துக்கு விலை உண்டு, பாகனுக்குச் சம்பளம்தான் செலவு.

நூறு வருஷம் வாழும் நிறுவனம் கட்ட வேண்டும் என்பது லிபினின் ஆசை.

4 ஆகஸ்ட் 2024

பெரிய கோப்புகளை அனுப்ப உதவும் வீட்ரான்ஸ்ஃபரையும் பெண்டிங் ஸ்பூன்ஸே வாங்கிவிட்டது. ஜனவரியில் வாங்கியது மீட்அப், ஆட்கள் கூடிச் சந்திக்க ஏற்பாடு செய்யும் தளம். கல்யாண ஆல்பம் அனுப்ப வீட்ரான்ஸ்ஃபரை நம்பியிருக்கும் புகைப்படக்காரர்கள் எல்லோரும் இப்போதே கோப்புகளை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அவநம்பிக்கை இல்லை, பழக்கம்.

கேள்வி கேட்டவர் கடைசியில் பணம் கட்டிவிட்டாராம், ஒரு வருஷத்துக்கு. 1,900 குறிப்பை நகர்த்த நேரமில்லை, அந்த நேரத்துக்குப் பத்தாயிரம் குறைவு என்கிறார். எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை. எனெக்ஸ் பிரதி எடுத்து வைத்திருக்கிறார், இந்த முறை புத்தகம் புத்தகமாக.

என் குறிப்புகள் இப்போது வெறும் உரைக் கோப்புகளாக ஒரு கோப்புறையில் கிடக்கின்றன. முகவரி அட்டையைத் தேடினால் வராது. மஞ்சளும் பூசாது. அம்மா சொன்னபடி அட்டையையே ஒரு டப்பாவில் போட்டு வைக்கிறேன்.

அந்த எஃப் பத்து மாற்றத்தை மறுபடி கொண்டுவருகிறேன், செப்டம்பரில். இந்த முறை ஒரு மாதம் முன்னாலேயே நாற்பது கடைக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், எது மாறுகிறது, ஏன், பழைய விசையே வேண்டுமென்றால் எங்கே போய் மாற்றிக்கொள்வது என்று படத்தோடு. ஏழு பேர் பார்த்திருக்கிறார்கள். மூன்று பேர் கட்டைவிரல் காட்டினார்கள். அந்த அண்ணனிடமிருந்து மட்டும் குரல் பதிவு வந்தது, பன்னிரண்டு விநாடி.

"சரிங் தம்பி. அதிருக்கட்டும், பிரிண்டர்ல பேப்பர் சிக்கிக்குது, அதைய மொதல்ல வந்து பாருங்க."